பெரிய பிளாக்கை உடைக்க எவ்வளவு தூரம் ஓட வேண்டும்? பீட்ஸா டவரோடு இரண்டரை ஆண்டு

போன மாதம் அக்கா மகன் லீவுக்கு வந்திருந்தான். 8 வயது. வந்த அன்றே என் கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டு பீட்ஸா டவர் என்ற வீடியோ கேமில் இறங்கிவிட்டான். சின்ன பிளாக்குகளைப் பார்த்த மாத்திரத்தில் அடித்து நொறுக்கினான். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், அதே மாதிரி பிளாக், ஆனால் இரண்டு மடங்கு அளவில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பையன் நின்றுவிட்டான். மேலே தாவ முடியுமா என்று பார்த்தான். கீழே ஓட்டை இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்தான்.

"மாமா, இது கதவா?"

"இல்லடா, அதுவும் பிளாக்தான். அடி."

"இவ்ளோ பெருசா இருக்கு, உடையாது மாமா."

அடித்தான். ஒரே அடியில் உடைந்தது. அவனுக்கு ஒரே சிரிப்பு. எனக்குத்தான் அந்த அரை நிமிட நிற்றல் மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டரை ஆண்டாக இந்த விளையாட்டை ஆடுகிறேன், கடைசியாக ஒரு பெரிய பிளாக் என்னை எப்போது நிறுத்தியது என்று யோசித்தால் நினைவே வரவில்லை. அந்த நிற்றல் எங்கே போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். முழு விளையாட்டுக்கும் விமர்சனம் எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும், இது பிளாக்கைப் பற்றிய பதிவு.

முதலில் கொஞ்சம் பழைய கதை. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் செங்கல் எல்லாம் ஒரே அளவு, 16-க்கு 16 பிக்சல். அது ஓடிய வீடியோ கேம் கருவியில் பின்னணிக்கு நிறம் ஒதுக்குவதே 16-க்கு 16 பிக்சல் கட்டங்களாகத்தான், அதனால் செங்கல்லுக்கு அந்த அளவு ரொம்பத் தோது. குட்டி மாரியோ முட்டினால் செங்கல் லேசாகத் துள்ளி அடங்கிவிடும். காளான் தின்று வளர்ந்த மாரியோ முட்டினால் நாலு சில்லாகச் சிதறும். செங்கல் அப்படியேதான் இருக்கிறது, ஆள்தான் வளர்கிறான். 1988-இல் மூன்றாம் பாகம் வந்தபோது, அதன் நான்காம் உலகத்தில் இதையே திருப்பிப் போட்டார்கள். ஆள் அதே ஆள். கூம்பா என்ற காளான் எதிரி, ஆமை, குழாய், பிளாக் எல்லாம் இரட்டிப்பு அளவு. பக்கத்து வீட்டு அண்ணனிடம் கேசட் போட்டு ஆடும் டிவி கேம் இருந்தது. அதில் அந்த உலகத்தை முதல்முறை பார்த்தபோது டிவியில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்திருப்பார் போல, டிவி தலையில் ஒரு தட்டு தட்டினார்.

ஆனால் யோசித்துப் பார்த்தால் அங்கே பெரிய அளவு என்பது ஒரு வேடிக்கை. பொருட்காட்சியில் பெரிய பொம்மையைப் பார்த்து வாய் பிளக்கிறோமே, அந்த மாதிரி. விளையாடுகிறவனிடம் அது புதிதாக எதையும் கேட்பதில்லை. 2006-இல் நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மெகா காளான் வந்தது. தின்றால் மாரியோ திரையையே அடைக்கிற அளவுக்கு வளர்வார், பிளாக் குழாய் எல்லாம் தவிடுபொடி. எவ்வளவு நொறுக்கினோமோ அதற்கேற்பக் கூடுதல் உயிர்களும் கிடைக்கும். ஜாலிதான். ஆனால் எதைத் தொட்டாலும் உடையும் என்றானபின் எதுவும் தடையாக இருக்காது. பத்து நொடி விருந்து, அவ்வளவுதான்.

எனக்குப் பெரிய பிளாக்கின் அருமையைக் காட்டியது மாரியோவின் போட்டியாளன் வாரியோ. 2001-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த வாரியோ லேண்ட் 4. சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தான் தன் கருவியையும் அந்தக் கேசட்டையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார். (திருப்பிக் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை.) அந்தத் திரை 240-க்கு 160 பிக்சல்தான். 32 பிக்சல் உயரத்தில் ஒரு பிளாக் வைத்தால் திரை உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். குட்டித் திரையில் அது மலை மாதிரி தெரியும்.

வாரியோவின் சாதாரண ஆயுதம் தோள். தோளைச் சாய்த்து இடிப்பார். ஆனால் சில கெட்டிப் பிளாக்குகள் அந்த இடிக்கு மசியாது. அதற்கு ஆர் பட்டனை அழுத்தி, ஓடி, முழு வேகம் பிடித்து வந்து மோத வேண்டும். இல்லையென்றால் சரிவில் உருண்டு வர வேண்டும். தரையில் இருக்கும் கெட்டிப் பிளாக் என்றால் நல்ல உயரத்திலிருந்து பின்பக்கத்தால் குத்திக்கொண்டு விழ வேண்டும். குறைந்த உயரத்திலிருந்து விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஓட்டம், சரிவு, உயரம், மூன்றும் ஒரே விஷயம்தான்: மோதுவதற்கு முன் எவ்வளவு சேர்த்து வைத்தாய்?

ஊரில் கிடா முட்டு பார்த்தவர்களுக்கு இது புரியும். கிடா நேராகப் போய் முட்டாது. பின்னால் போகும், இன்னும் பின்னால் போகும், புதிதாகப் பார்க்கிறவன் அது பயந்து ஓடுகிறது என்றே நினைப்பான். அப்புறம்தான் வரும். வாரியோ லேண்டில் ஒரு கெட்டிப் பிளாக்கைப் பார்த்ததும் நான் செய்யும் முதல் காரியம் அதற்கு முதுகு காட்டித் திரும்பி நடப்பதுதான். வழியை அடைப்பது பிளாக், ஆனால் அதற்கான புதிர் பத்து அடி பின்னால் இருக்கிறது. அங்கே ஓடுவதற்கு இடம் இருக்கிறதா? நடுவில் குழி இருக்கிறதா? படிக்கட்டில் ஏறி வந்தால் வேகம் போய்விடுமா?

இந்த மாதிரி எல்லா விளையாட்டும் செய்வதில்லை. 1994-இல் வந்த சோனிக் அண்ட் நக்கிள்ஸில் சில சுவர்களை நக்கிள்ஸ் மட்டும்தான் கைமுட்டியால் உடைப்பான், சோனிக் எவ்வளவு வேகமாக வந்தாலும் நடக்காது. அது பூட்டு-சாவி வகை. சாவி யார் கையில் என்பதுதான் கேள்வி. தப்பில்லை, ஆனால் உன் ஆட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. அதைவிட மோசம், போனில் இலவசமாகக் கிடைக்கும் சில விளையாட்டுகள். பெரிய பிளாக் என்றால் ஏழு முறை தட்டு, எட்டு முறை தட்டு, நடுவில் ஒரு விளம்பரம் பார். பெரிய பிளாக் என்றால் அதிக நேரம் என்று யாரோ முடிவு கட்டிவிட்டார்கள். அம்மிக்கல்லில் அரைக்கிற மாதிரி தட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

சரி, பீட்ஸா டவர். 2023 ஜனவரியில் கணினிக்கு வந்தது, 2024 ஆகஸ்டில் ஸ்விட்சுக்கும் வந்தது. பெப்பினோ என்ற பதற்றப் பேர்வழி பீட்ஸா கடைக்காரர்தான் கதாநாயகன். வாரியோ லேண்ட் 4-இன் வாரிசு என்று ஆடிய ஐந்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். லெவலின் கடைசிவரை போய் அங்கே நிற்கும் தூணை உடைக்க வேண்டும், உடனே கடிகாரம் ஓடத் தொடங்கும், வந்த வாசலுக்கே திரும்பி ஓட வேண்டும். வாரியோவில் தூணுக்குப் பதில் தவளை முகம் போட்ட சுவிட்ச்.

இதில் பெப்பினோவின் ஓட்டத்துக்குப் படிகள் உண்டு. ஓடும் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் வேகம் கூடிக்கொண்டே போகும். இரண்டாம் படியில் சுவர் வந்தால் சுவரிலேயே ஏறி ஓடுவார். மூன்றாம் படி வந்ததும் உடம்புக்குப் பின்னால் சிவப்பும் பச்சையுமாக நிழல்கள் வரும், சாதாரண அடிக்கு மசியாத இரும்புப் பிளாக்கும் அப்பளம் மாதிரி உடையும். முதல் வாரம் எனக்கு நடந்தது என்னவென்றால், போதுமான வேகம் இல்லாமல் போய் இரும்பு பிளாக்கில் மோதுவேன். உடையாது. அவர் பாட்டுக்கு அதன்மேல் ஏறத் தொடங்கிவிடுவார், மேலே கூரையில் இடித்துக் கீழே விழுவார். திரும்ப ஓடுவேன். திரும்ப ஏறுவார். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனில் டம் டம் என்று இதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. இரும்பு பிளாக் இருக்கும் இடங்களை அல்ல, அதற்கு முந்தைய தரையைத்தான் நினைவில் வைத்திருந்தேன். இந்த விளையாட்டின் பெரிய சாமர்த்தியம், உடைப்பதால் வேகம் குறைவதில்லை. சாதாரணமாக மோதினால் நின்றுவிடுவோம் என்று உடம்பு எதிர்பார்க்கும். இங்கே பிளாக் சிதறும், ஆள் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். பிளாக் கண்ணுக்குத் தடை, காலுக்குத் தடை இல்லை. இது உடம்பில் இறங்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அதுவரை ஒவ்வொரு பிளாக்குக்கு முன்னாலும் என்னை அறியாமல் விரல் பட்டனை விட்டுவிடும்.

ஒரு வருடம் ஆனபின் ஒவ்வொரு லெவலிலும் பி ரேங்க் என்ற உச்ச மதிப்பெண் எடுக்கும் பைத்தியம் பிடித்தது. லெவலைத் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே காம்போவாக, அதாவது அடிகளின் தொடர் அறுபடாமல் ஆட வேண்டும். மூன்று ரகசிய அறைகளும் புதையலும் விடக்கூடாது. கடைசியில் இரண்டாவது சுற்றும் ஓட வேண்டும். இந்த நிலைக்கு வந்தவனுக்குப் பெரிய பிளாக் வேறொன்றாகிவிடுகிறது. அது சோதனைச் சாவடி. இரும்பு பிளாக் உடையாமல் நின்றால், நான் அரை திரைக்கு முன்னால் எங்கோ சொதப்பியிருக்கிறேன் என்று அர்த்தம். எதிரியைப் பிடிக்கத் தாமதித்தேனா, திரும்பும்போது சறுக்கினேனா? பிளாக் சொல்லிவிடும். திட்டாமல், கத்தாமல், அப்படியே நின்று சொல்லும்.

திரும்பி ஓடும்போது இன்னொன்று. போகும்போது உடைத்தது உடைந்தபடியே இருக்கும். நிதானமாக எல்லாவற்றையும் நொறுக்கிக்கொண்டு போனவனுக்குத் திரும்பும் பாதை சுத்தமாக இருக்கும். அவசரத்தில் விட்டுவிட்டுப் போனது, கடிகாரம் ஓடும்போது மூஞ்சிக்கு முன்னால் வந்து நிற்கும். இதை எந்த இடத்திலும் எழுதிக் காட்டவில்லை. ஆடி ஆடித்தான் தெரிந்தது.

குறைகள் இல்லையா? உண்டு. சில இடங்களில் ஓடிவர இடமே இல்லாமல் இரும்பு பிளாக்கை வைத்திருக்கிறார்கள் என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு பார்த்தால் முந்தைய அறையிலிருந்தே வேகத்தோடு வர வேண்டும் என்பது தெரிந்தது. கதவைத் தாண்டினாலும் ஓட்டம் தொடரும். தெரிந்தவனுக்கு அழகு, தெரியாதவனுக்கு அநியாயம். நான் இன்னும் இதில் விளையாட்டின் பக்கம் முழுதாகச் சாயவில்லை. ஒரு தடவை நின்றுவிட்டால் முந்தைய அறைக்கே நடந்து போவது கடுப்புதான். அப்புறம் முழு வேகத்தில் போகும்போது பெரிய பிளாக் எது, சுவர் எது என்று பிரித்துப் பார்க்கக் கண்ணுக்கு நேரம் கிடைப்பதில்லை. சில லெவல்களில் பின்னணி அவ்வளவு கசகசவென்று இருக்கிறது. மனப்பாடம்தான் கைகொடுக்கும்.

கருவி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓடும் பட்டனை விடாமல் பிடிப்பதுதான் இந்த விளையாட்டே. என் கன்ட்ரோலரின் வலது டிரிகர் ஒன்றே கால் வருடத்தில் தொய்ந்துவிட்டது. பாதி அழுத்தினால் வேலை செய்யாது. பழுது பார்க்கிற பையன் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, லாரி ஓட்டுறீங்களா?" என்றான். இப்போது ஓட்டத்தை மேல் பட்டனுக்கு மாற்றிவிட்டேன். ஆள்காட்டி விரல் நோவும் குறைந்தது. புதிதாக ஆடுகிறவர்கள் முதல் நாளே மாற்றிக்கொள்ளலாம்.

2024 மார்ச்சில் நாய்ஸ் என்ற பாத்திரத்தையும் ஆடும்படி ஒரு அப்டேட் வந்தது. அவன் ஓட்டம் வேறு. சுவரில் ஏறுவதில்லை, துள்ளுகிறான். அதே பிளாக்குகள், அதே இடங்கள், ஆனால் என் மனப்பாடம் எல்லாம் பாதி செல்லாக்காசு. ஒரு வாரம் மறுபடி கற்றுக்குட்டி. எனக்கு அந்த ஒரு வாரம் பிடித்திருந்தது.

அக்கா மகன் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் கடைசியாக ஒரு ஆட்டம் கேட்டான். இரும்பு பிளாக் வந்தது. ஒரு முறை மோதி, சுவரில் ஏறி, விழுந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. பெப்பினோவைத் திருப்பி நடத்த ஆரம்பித்தான். தேவையான தூரத்தைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தான்.

"எங்கடா போற?"

"ஓடி வர்றதுக்கு இடம் வேணும்ல மாமா."

அறையின் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினான். ஓடி வந்தான். நிழல்கள் சிவப்பும் பச்சையுமாக வந்தன. பிளாக்குக்கு ஒரு அடி முன்னால் பயந்துபோய்ப் பட்டனை விட்டுவிட்டான். பெப்பினோ சர்ரென்று சறுக்கி, பிளாக்கைத் தொட்டும் தொடாமலும் போய் நின்றார். கீழே அக்கா ஆட்டோ வந்துவிட்டது என்று கூப்பிட்டாள். "ஒரே ஒரு தடவைம்மா" என்று கத்திக்கொண்டே மறுபடி பின்னால் நடக்கத் தொடங்கினான்.