ஃபைனல் இயர் ஆராய்ச்சி டீமுக்கு கிட்ஹப்: எங்கே உதவுகிறது, எங்கே சிக்கவைக்கிறது

எண்ணூரில் ஒருவர், வியாசர்பாடியில் ஒருவர், பெரம்பூரில் இருவர். வடசென்னைக் கல்லூரிகளின் பிராஜெக்ட் டீம் பெரும்பாலும் இப்படித்தான் அமையும். லேப் பூட்டியதும் வேலை வாட்ஸ்அப்பில் ஜிப் ஃபைலாகச் சுற்ற ஆரம்பிக்கிறது. கடைசியில் கோடு எழுதுவது ஒருவர், வைவாவில் நிற்பது நால்வர். இந்த நிலையை மாற்ற இன்று கையில் இருப்பதில், கோடையும் அதில் யார் எதை மாற்றினார் என்ற வரலாற்றையும் சேர்த்துவைக்கும் கிட்ஹப் தளம்தான் சிறந்தது. ஆனால் ஃபைல் போட்டுவைக்க மட்டும் பயன்படுத்தினால் டிரைவே போதும். வேலைக்குப் போனால் கேட்கப்படும் பழக்கங்கள் வளர்வது புல் ரிக்வெஸ்ட்டில்தான், அதாவது செய்த மாற்றத்தைச் சேர்க்கும் முன் டீமிடம் காட்டி ஒப்புதல் கேட்பதில்தான்.

மணலி காற்றின் பிஎம் 2.5 (நுண்துகள் மாசு) அளவைக் கணிக்கும் பிராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மணலி நிலையத் தரவை 15 நிமிட இடைவெளியில் எடுத்தால் வருடத்துக்கு 35,040 வரிகள். நடுநடுவே மதிப்பில்லாத வரிகளும் வரும். அந்த இடைவெளியை ஒருவர் சராசரியால் நிரப்புவார், இன்னொருவர் முந்தைய மதிப்பால் நிரப்புவார். இருவரின் முடிவும் ஒத்துப்போகாது. கோடு எழுதும் முன்பே இதை கிட்ஹப்பில் 'இஷ்யூ' எனும் விவாதக் குறிப்பாகத் திறந்து, எந்த முறை, ஏன் என்று எழுதி முடிவு செய்ய வேண்டும். பிறகு ஆளுக்கொரு பிராஞ்ச் (மூலக் கோடைத் தொடாமல் வேலை செய்யும் தனிக் கிளை), சின்னச் சின்ன புல் ரிக்வெஸ்ட். 200 வரிக்கு மேல் போனால் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை, "நல்லா இருக்கு" என்று அப்ரூவ் தட்டிவிடுகிறார்கள். பயனுள்ள ரிவியூ இப்படி இருக்கும்: "டேட்டாவை டிரெயின், டெஸ்ட்டுன்னு பிரிக்கும்போது வரிசை கலைஞ்சு ஷஃபில் ஆகுது. நாளைய காற்றைப் பார்த்துட்டு இன்றைக்குக் கணிக்கிறோம். தேதி வாரியா வெட்டு." இந்த ஒரு கமென்ட்டில் ஆராய்ச்சி நேர்மையும் இருக்கிறது, டீமில் பேசும் முறையும் இருக்கிறது.

ரிவியூ இல்லாமல் எந்த மாற்றமும் மூலக் கோடில் மெர்ஜ் ஆகக்கூடாது என்றால் மெயின் பிராஞ்சுக்குப் பாதுகாப்பு போட வேண்டும். பிரைவேட் ரெப்போவில் (மற்றவர் பார்க்க முடியாத பிராஜெக்ட் ஃபோல்டரில்) இதற்கு கட்டணக் கணக்கான புரோ தேவை. மாணவர் சலுகையில் அது இலவசம். ஆனால் ஐடி கார்டில் நடப்புக் கல்வியாண்டு தெளிவாகத் தெரியாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். ரெப்போ யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் புரோ இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். ரெப்போ உரிமையாளர் விதியைத் தாண்டிப் போக முடியாதபடி செய்யும் டிக் பாக்ஸ் தனியாக இருக்கிறது, அதையும் போடுங்கள்.

லேப் கம்ப்யூட்டரில் பெரிய தலைவலி ஒன்று உண்டு. முன்பு உட்கார்ந்தவரின் பெயரும் மின்னஞ்சலும் கிட் (மாற்றங்களைப் பதியும் மென்பொருள்) செட்டிங்கில் அப்படியே கிடக்கும். நீங்கள் செய்யும் கமிட் (பதிந்த மாற்றம்) எல்லாம் அவர் கணக்கில் ஏறும். ரெப்போவை குளோன் செய்ததும் (கம்ப்யூட்டருக்கு நகலெடுத்ததும்) அந்த ஃபோல்டருக்கு மட்டும் உங்கள் மின்னஞ்சலைப் போட்டுவிடுங்கள். இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கமிட் செய்தியின் கடைசியில் 'கோ-ஆதர்ட்-பை' வரி சேர்த்தால் இருவர் பெயரும் வரும். இன்டர்வியூவில் "இதில் நீ என்ன செய்தாய்?" என்று கேட்கும்போது காட்டப்போவது இதைத்தான்.

கோடும் அதன் முடிவும் ஒரே பக்கத்தில் இருக்கும் ஜூபிட்டர் நோட்புக்கை அப்படியே போட்டால் கிட்ஹப் சரிப்படாது. நோட்புக் உள்ளுக்குள் ஜேசன் என்ற டெக்ஸ்ட் வடிவ ஃபைல். ஒரு செல்லை (கோடு பெட்டியை) மறுபடி ஓட்டினாலே அவுட்புட்டும் எண்ணும் மாறி, படிக்கவே முடியாத வேறுபாட்டைக் காட்டும். இருவர் ஒரே நேரத்தில் தொட்டால் இரண்டு மாற்றமும் மோதும் கான்ஃப்ளிக்ட் பெரும்பாலும் வரும். 'என்பிஸ்ட்ரிப்அவுட்' என்ற கருவியைப் போட்டு அவுட்புட்டை நீக்குங்கள், முக்கிய ஃபங்ஷன்களைத் தனி பைத்தான் ஃபைலுக்கு மாற்றுங்கள், நோட்புக் ஒன்றுக்கு ஒரே பொறுப்பாளர் இருக்கட்டும்.

100 எம்பிக்கு மேற்பட்ட ஃபைல் கிட்ஹப்புக்கு புஷ் ஆகாது (ஏறாது). மணலி தரவுக்கு இது பிரச்சினையே இல்லை. பயிற்சி முடிந்த மாடல் ஃபைலில்தான் மாட்டுவார்கள். அடுத்த கமிட்டில் அதை அழித்தாலும் பழைய கமிட்டில் இருப்பதால் மறுபடி நிராகரிக்கும். மாட்டியது கடைசி கமிட்டில் என்றால் ஃபைலை நீக்கி அந்தக் கமிட்டையே அமெண்ட் (திருத்தம்) செய்தால் தீரும். அதற்கும் முந்தையது என்றால் வரலாற்றையே திருத்த வேண்டும், அதற்கு முன் டீமில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் நல்ல லேப்டாப் இல்லாதவருக்கு, பிரவுசர் வழியே கிட்ஹப்பின் கம்ப்யூட்டரில் கோடு எழுதவைக்கும் கோட்ஸ்பேசஸ் பெரிய உதவி. புரோ கணக்கில் மாதம் 180 கோர் மணி நேரம், அதாவது 2 கோர் மெஷினில் 90 மணி நேரம் கிடைக்கும். வேலை முடிந்ததும் கையால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் சும்மா கிடக்கும் 30 நிமிடமும் கணக்கில் போகும்.

படிப்பு முடிந்தபின் மாணவர் சலுகை காலாவதியானால் பிரைவேட் ரெப்போவின் பிராஞ்ச் பாதுகாப்பும் போய்விடும். அடுத்த பேட்ச் அதே வேலையைத் தொடரப் போகிறது என்றால், வெளியேறும் முன்பே செட்டிங்ஸில் போய் ரெப்போவை புரோ உள்ள ஜூனியர் ஒருவரின் கணக்குக்கு டிரான்ஸ்ஃபர் செய்துவிடுங்கள்.