ஆப்டிலேண்ட்: கையால் லென்ஸ் தேய்க்கிறவன் பார்வையில்

லென்ஸ் டிசைன் மென்பொருள்களில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று கேட்டால் முதலில் காதில் விழுவது வேகம், ஜிபியு, ஏஐ என்ற சங்கதிகள்தான். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்திக்கொண்டு, மிச்ச நேரத்தில் தொலைநோக்கிக்கு லென்ஸ் தேய்க்கிற எனக்கு அதெல்லாம் அப்புறம்தான். கண்ணாடியைத் தேய்க்கும்போது எவ்வளவு பிசகினால் தாங்கும், எங்கே பிசகினால் தாங்காது என்பதை மென்பொருள் முன்கூட்டியே சொல்லிவிடுகிறதா? இதுதான் என் கேள்வி. ஆப்டிலேண்ட் என்ற இலவச லென்ஸ் டிசைன் மென்பொருள் சொல்கிறது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் செலவு. இந்தத் துறையில் பெரிய பெயர்கள் ஓரிரண்டுதான். ஸீமாக்ஸ், கோட் வி என்ற இரண்டு மென்பொருள்கள். ஸீமாக்ஸை 2021-ல் ஆன்சிஸ் நிறுவனம் வாங்கியது, கோட் வி-யை அதற்கு முன்பே 2010-ல் சினாப்சிஸ் நிறுவனம் வாங்கியது. நான் ஒரு விற்பனையாளரிடம் விலை விசாரித்தபோது, எந்த கம்பெனி என்று கேட்டார். பள்ளி அறிவியல் மன்றம் என்றேன். பேச்சு அத்தோடு முடிந்தது. ஆஸ்லோ என்ற இன்னொரு மென்பொருளின் கல்விப் பதிப்பு இலவசம், ஆனால் 10 லென்ஸ் பரப்புகளுக்கு மேல் போட முடியாது. இரண்டு கண்ணாடி கொண்ட அப்ஜெக்டிவுக்கு (தொலைநோக்கியின் முன் லென்ஸ்) அது தாராளம். கண்ணருகே வைக்கும் ஐபீஸையும் சேர்த்துப் பார்க்கப் போனால் இடிக்கும். ஆப்டிலேண்ட் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது, எம்ஐடி என்ற திறந்த மூல உரிமம், காசு கிடையாது. பைத்தான் இருக்கிற கணினியில் ஒரே வரியில் நிறுவிவிடலாம். என் பழைய லேப்டாப்பிலேயே ஓடுகிறது.

எனக்கு வேண்டியிருந்தது 80 மி.மீ. விட்டமுள்ள ரிஃப்ராக்டர், அதாவது லென்ஸ் தொலைநோக்கி. எஃப் 15 என்று, குவியத் தூரம் விட்டத்தைப் போல 15 மடங்காக, நீளமாகச் செய்தால் நிறப்பிழை (நிறங்கள் ஒரே இடத்தில் குவியாத குறை) அவ்வளவாக உறுத்தாது என்பது பழைய பாடம். ஆனால் இங்கே கார்த்திகை பிறந்தால் கிழக்கேயிருந்து பாலக்காட்டுக் கணவாய்க்குள் காற்று புகுந்து அடிக்கும். வானம் தெளிவாக இருக்கிற மாதங்களும் அவைதான். 1200 மி.மீ. நீளக் குழாயை அந்தக் காற்றில் நிறுத்தினால் சனிக்கிரகம் பேயாட்டம் ஆடும். அதனால் 900 மி.மீ.யில் நிறுத்திக்கொள்ள முடிவு செய்தேன்.

குவிலென்ஸுக்கு என்-பிகே7 என்ற கிரவுன் கண்ணாடி, குழிலென்ஸுக்கு எஃப்2 என்ற பிளின்ட் கண்ணாடி. நிறங்களை எவ்வளவு பிரிக்கும் என்பதைச் சொல்லும் ஆபே எண்கள் 64.17, 36.37. காகிதத்தில் போட்டால் கிரவுனின் குவியத் தூரம் சுமார் 390 மி.மீ., பிளின்ட்டுக்கு மைனஸ் 688. இதுவரை பிளஸ் டூ கணக்குதான். இதற்கு மேல் ஒவ்வொரு கதிரையும் ஒவ்வொரு பரப்பிலும் வளைத்து வளைத்துக் கணக்கிட வேண்டும். மனிதன் கையால் செய்தால் ஆயுசு போய்விடும். 1840 வாக்கில் பெட்ஸ்வால் என்ற கணித மேதை தன் போர்ட்ரெய்ட் லென்ஸுக்காக ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்த ஆட்களை வாங்கிக்கொண்டாராம். எங்கள் மன்றத்துக்குப் படை ஏது? ஆப்டிலேண்டில் பொருட்களின் ஒளிவிலகல் தகவல்கள் உள்ளேயே இருப்பதால் கண்ணாடியின் பெயரைக் கொடுத்தால் போதும். வளைவு ஆரங்களை அதுவே மாற்றி மாற்றிப் பார்த்து, கதிர்கள் எங்கெங்கே விழுகின்றன என்ற புள்ளிப் படமும், நுணுக்கங்கள் எவ்வளவு தெளிவாக வரும் என்ற எம்டிஎஃப் வளைகோடும் வரைந்து காட்டுகிறது. பச்சைக்கும் சிவப்பு, நீலத்துக்கும் இடையே கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஃபோகஸ் வித்தியாசம் மிஞ்சத்தான் செய்யும். இந்தச் சாதாரணக் கண்ணாடி ஜோடியின் தலையெழுத்து அது, மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. நிலாவின் ஓரத்தில் லேசாக ஊதா தெரியும், சரி, போகட்டும்.

இனி அந்தப் பிசகுக் கணக்கு. டாலரன்சிங் என்பார்கள். ஒவ்வொரு அளவையும் கொஞ்சம் தப்பாக்கிப் பார்க்கலாம். அல்லது எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தாறுமாறாக மாற்றி, மாண்டே கார்லோ முறையில் பலமுறை ஓட்டலாம். ஃபோகசரைத் திருப்பிச் சரிசெய்வதையும் ஈடுகட்டும் அளவாகச் சேர்த்துக்கொள்ளலாம். கிரவுனின் ஒரு பரப்பில் ஆரம் அரை சதவீதம் மாறினால் ஃபோகஸ் சில மில்லிமீட்டர் நகரும், அவ்வளவுதான். ஆரத்தைத் துல்லியமாகக் கொண்டுவர, வளைவை அளக்கும் ஸ்ஃபெரோமீட்டரோடு மாரடிக்கிற எனக்கு இது பெரிய நிம்மதி. மாறாக, பிளின்ட் வில்லையின் ஓரக் கனம் ஒரு பக்கம் 0.05 மி.மீ. கூடினால் சிவப்பும் நீலமும் குவியத்தில் 9, 10 மைக்ரான் விலகி நிற்கின்றன. ஒரு நட்சத்திரம் படமாக விழும் புள்ளியின் ஆரமே 8 மைக்ரான்தான்! அதாவது நட்சத்திரத்துக்கு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் நீலம். எனவே என் பொறுமையெல்லாம் இப்போது டயல் கேஜ் என்ற அளவுமானியில் ஓரக் கனத்தைச் சுற்றிச் சுற்றி அளப்பதில் போகிறது. வித்தியாசத்தை 0.02 மி.மீ.க்குள் கொண்டுவந்தால் விலகல் 4 மைக்ரானுக்குள் அடங்கும்.

பைடார்ச் என்ற, ஏஐ வேலைகளுக்குப் பயன்படும் பைத்தான் நூலகத்தின் மேல் ஓடும் வசதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஆரத்தையும் துளி நகர்த்தி மறுபடி கதிர் விடுவதற்குப் பதிலாக, எந்தத் திசையில் மாற்றினால் பிழை குறையும் என்பதைத் தானியங்கி வகையீட்டில் நேரடியாகக் கண்டுபிடிக்கிறது. மாறிகள் ஏராளமாக இருக்கும் கேமரா லென்ஸுக்கு அருமையான விஷயம். நாலு பரப்புக்கு அது கொசுவுக்குப் பீரங்கி. வழக்கமான ஆப்டிமைசரே கண் இமைப்பதற்குள் முடித்துவிடுகிறது.

கண்ணாடியையே மாற்றி மாற்றித் தேர்ந்தெடுக்கும் கிளாஸ் எக்ஸ்பர்ட் பகுதி பெரிய கேட்டலாக் வைத்திருப்பவர்களுக்கு உதவும். எனக்கு வியாபாரி எந்த வில்லை கைவசம் வைத்திருக்கிறாரோ அதுதான் கேட்டலாக். ஸீமாக்ஸ் கோப்புகளைத் திறக்க முடிவது அதைவிடப் பயன். யாரோ வடிவமைத்ததைத் திறந்து, பிரித்துப் பார்த்துக் கற்கலாம்.

பைத்தான் வராதவர்கள் முதலில் கொஞ்சம் திண்டாடுவார்கள். மெனுவைத் தட்டித் தட்டியே வேலை பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஒத்துவராது. உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில்தான், ஆனால் மாதிரி நோட்புக்குகள் தெளிவாக இருக்கின்றன. குக் டிரிப்லெட் என்ற மூன்று லென்ஸ் அமைப்பு தயாராகவே உள்ளே கிடக்கிறது, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். பதினோராம் வகுப்பில் ஒருத்தி அதன் நடு லென்ஸைத் தூக்கிவிட்டு ஓட்டிப் பார்த்து, "சாரே, எல்லாம் கலங்கிப் போச்சு" என்றாள். ஏன் என்று அவளையே கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறேன்.