சீட்டு, கைதூக்கல், கூச்சல்: கிரேக்கர்கள் பதவிக்கு ஆள் எடுத்த மூன்று வழிகள்

ஏதென்ஸ் தன் பெரும்பாலான பதவிகளைச் சீட்டுக் குலுக்கி நிரப்பியது. சில பதவிகளுக்கு மட்டும் மக்கள்சபையில் கைதூக்க வைத்தது. ஸ்பார்ட்டா தன் மூத்தோர் சபைக்குக் கூச்சலின் அளவைக் கேட்டு ஆள் எடுத்தது. மூன்றிலும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் இடமில்லை. அதைத் தாண்டி மூன்றையும் எடைபோட ஒரு கேள்வி போதும்: தவறான ஆள் உள்ளே வந்துவிட்டால் என்ன ஆகும்?

முதலில் சீட்டு. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் நீதிமன்றத்துக்கு நடுவர்களை எடுத்த விதத்தைப் பார்த்தால் இதன் நுட்பம் புரியும். ஆண்டுக்கு 6,000 பேர், 30 வயது தாண்டியவர்கள், நடுவர் பட்டியலில் இருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் தன் பெயர், ஊர்ப்பிரிவு, ஓர் எழுத்து பொறித்த சிறு பட்டை. விசாரணை நாள் காலையில் பட்டையை அந்த எழுத்துக்குரிய பெட்டியில் போடுவார்கள். பெட்டியைக் குலுக்கி, ‘கிளெரோடீரியன்’ என்ற சாதனத்தின் துளைகளில் பட்டைகளை மேலிருந்து கீழாகச் செருகுவார்கள். ஏதென்ஸ் குடிமக்கள் 10 குலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள்: குலத்துக்கு 2 சாதனங்கள், சாதனத்துக்கு 5 நெடுவரிசைகள். கறுப்பும் வெள்ளையுமான கட்டைகளை அதில் போடுவார்கள். தேவைப்படும் ஒவ்வொரு 5 பேருக்கும் ஒரு வெள்ளை. வெள்ளை விழுந்தால் அந்தக் கிடைவரிசையின் 5 பேரும் நடுவர்கள். கறுப்பு விழுந்தால் 5 பேரும் வீட்டுக்கு. தேர்வானவர் மறுபடி ஒரு குலுக்கலில் எந்த நீதிமன்றம் என்பதை அறிந்து, அதன் நிறமுள்ள கோலோடு உள்ளே போவார்.

இத்தனை சுற்று எதற்கு? லஞ்சத்துக்குத்தான். வழக்கை யார் கேட்கப்போகிறார் என்று காலை வரை யாருக்கும் தெரியாதபோது முந்தைய இரவே யாருக்குப் பணம் கொடுப்பது? கி.மு. 409-இல் அனைட்டஸ் என்பவர் நடுவர்களை விலைக்கு வாங்கித் தப்பினார் என்று அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள அரசியலமைப்பு நூல் சொல்கிறது. ஊர் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது.

500 பேர் அவைக்கும் சீட்டுதான்: குலத்துக்கு 50 பேர், ஓராண்டுப் பதவி, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. அவைத்தலைவர் பதவி ஒரே ஒரு பகலும் இரவும். கருவூலமும் ஆவணங்களும் இருந்த கோயில்களின் சாவியும் அரசு முத்திரையும் அந்த ஒரு நாள் அவர் கையில். பதவியேற்கும் முன் விசாரணை உண்டு. ஆட்சியாளர் பதவிக்கு வந்தவரிடம் அப்பா யார், குடும்பக் கல்லறை எங்கே, பெற்றோரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாயா, வரி கட்டினாயா, போருக்குப் போனாயா என்றெல்லாம் கேட்பார்கள். இறங்கும்போது கணக்குத் தணிக்கை. ஆக, தவறான ஆள் வந்தாலும் சேதம் சிறியது, காலமும் குறைவு. இதன் பலவீனம் அனுபவம் சேராதது: வேலை பிடிபடும்போது ஆண்டு முடிந்துவிடும்.

அனுபவம் இல்லாவிட்டால் உயிரோ பணமோ போய்விடும் என்ற இடங்களில் ஏதென்ஸ் கைதூக்கலுக்கு மாறியது. ஆண்டுக்கு 10 தளபதிகள். எத்தனை முறையும் வரலாம். பெரிக்ளிஸ் தொடர்ந்து 15 ஆண்டுகளும், போகியோன் மொத்தம் 45 முறையும் வந்தார்கள். பின்னாளில் படைநிதிப் பொருளாளரும் நீரூற்றுகளின் கண்காணிப்பாளரும் இப்படித்தான் தேர்வானார்கள். குடிதண்ணீரைக் குலுக்கலுக்கு விடாததை நான் பெரிதாக மதிக்கிறேன். இம்முறையின் கேடு, புகழும் வசதியும் உள்ளவரே திரும்பத் திரும்ப வருவது. தேர்தல் சிலராட்சிக்குரியது, சீட்டு மக்களாட்சிக்குரியது என்று அரிஸ்டாட்டில் பிரித்தது இதனால்தான். அதற்கும் கடிவாளம் இருந்தது: ஆண்டின் பத்துப் பகுதிகளிலும் ஒருமுறை, தளபதிகள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று சபையில் வாக்கெடுப்பு. கி.மு. 430-இல் பெரிக்ளிஸே பதவி இழந்து அபராதம் கட்டினார். மறு ஆண்டு மக்களே அவரைத் திரும்ப எடுத்தார்கள்.

ஸ்பார்ட்டாவில் மூத்தோர் சபைக்கு 28 பேர், கூடவே 2 அரசர்கள். 60 வயது ஆகியிருக்க வேண்டும், பதவி சாகும்வரை. ஓர் இடம் காலியானால் தீர்ப்பாளர்கள் சிலரைப் பக்கத்து வீட்டில் அடைத்துவைப்பார்கள். சபை அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். போட்டியாளர்கள் ஒவ்வொருவராக மௌனமாகச் சபையைக் கடந்து நடக்க, கூட்டம் ஆர்ப்பரிக்கும். எத்தனையாவது ஆளுக்கு எவ்வளவு சத்தம் என்று உள்ளே இருப்பவர்கள் பலகையில் குறிப்பார்கள். யாருக்கு என்று தெரியாமல் மதிப்பிடுவது நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலையை எண்ணலாம், தொண்டையை எப்படி எண்ணுவது? இது சிறுபிள்ளைத்தனம் என்றார் அரிஸ்டாட்டில். அவருடைய கனமான குற்றச்சாட்டு வேறு: உடலைப் போல அறிவுக்கும் மூப்பு உண்டு, அப்படிப்பட்டவர்களை யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாமல் ஆயுள் முழுக்க உட்கார வைத்ததால் லஞ்சம் புகுந்தது. இங்கே தவறான ஆளை வெளியேற்ற மரணம் ஒன்றே வழி. மூன்றில் இதுவே மோசமான ஏற்பாடு.

சீட்டை எதிர்த்தவர்களில் பெரிய பெயர் சாக்ரடீஸ். மாலுமியையோ தச்சனையோ குழல் ஊதுபவனையோ யாரும் குலுக்கலில் எடுப்பதில்லையே என்று அவர் கேட்டதாக அவருடைய மாணவர் செனோபோன் எழுதுகிறார். நியாயமான கேள்வி. கி.மு. 406-இல் ஆர்ஜினூசே கடற்போரில் வென்ற தளபதிகள், புயலில் தத்தளித்தவர்களை மீட்கவில்லை என்று குற்றம் சாட்டப்பட்டார்கள். 8 பேருக்கும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு நடத்துவது சட்டத்துக்கு விரோதம். கூட்டம் மிரட்டியதும் அவைப் பொறுப்பாளர்கள் பணிந்தார்கள். ஒருவர் மட்டும் மறுத்தார். ஆனாலும் ஊரில் இருந்த 6 பேருக்கு மரண தண்டனை நிறைவேறியது. மறுத்தவர் சாக்ரடீஸ். அந்த இருக்கைக்கு அவர் வந்தது சீட்டில்.