ரோடு சைக்கிளுக்கு டயர் மாற்றப் போகிறீர்களா? ஜோடியாக வாங்காதீர்கள்

சைக்கிளோடு வந்த டயர் தேய்ந்துவிட்டது, கையில் இருப்பது அளவான பணம். இந்த நிலையில் நம் முன்னால் நிற்பவை நான்கு வகை. பீடில், அதாவது ரிம்மில் மாட்டும் விளிம்பில், இரும்புக் கம்பி வைத்த அடிமட்ட விலை டயர், அதற்கு ஒரு படி மேலே மடிக்கக்கூடிய பயிற்சி டயர், பஞ்சரைத் தடுப்பதற்கென்றே செய்த கெட்டி டயர், அப்புறம் புது மாடல் வந்துவிட்டதால் தள்ளுபடியில் தள்ளிவிடப்படும் போன தலைமுறை பந்தய டயர். இந்த நான்கில் எது சிறந்தது என்று கேட்டு ஒன்றைப் பிடித்து இரண்டாக வாங்குவதுதான் வழக்கம், ஆனால் என் கட்சி வேறு: முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் வேலை வேறு வேறு, அதனால் டயரும் வேறாக இருக்கலாம், பட்ஜெட்டில் வாங்குகிறவர் கட்டாயம் அப்படித்தான் யோசிக்க வேண்டும்.

காரணம் எளிது. சைக்கிளில் உட்கார்ந்தால் உடல் எடையில் பெரும்பங்கு, ஏறக்குறைய அறுபது சதவீதம், பின்சக்கரத்தில் இறங்குகிறது. மிதிக்கும் விசை முழுவதும் அங்கேதான் தரையைத் தள்ளுகிறது. அதனால் பின் டயர் முன் டயரைப் போல இரண்டு மடங்கு வேகத்திலாவது தேயும். பஞ்சரும் பெரும்பாலும் பின்னால்தான், முன்சக்கரம் கிளப்பிவிட்ட கண்ணாடிச் சில்லையும் கம்பித் துண்டையும் பின்சக்கரம் வாங்கிக்கொள்கிறது. ஆனால் வழுக்கினால் கதை தலைகீழ். பின்சக்கரம் வழுக்கினால் சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடும், பெரும்பாலும் சமாளித்துவிடலாம். வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் யோசிக்கவே நேரம் கிடைக்காது, நேராகத் தரைதான். ஆக முன்னால் தேவை பிடிப்பு, பின்னால் தேவை உழைப்பு. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நான்கையும் பார்க்கலாம்.

அதற்கு முன்னால் அளவு. டயரின் பக்கவாட்டில் 25-622 என்பது போல ஒரு எண் இருக்கும், அதை மட்டும் நம்புங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்று சொல்லப்படுவது இந்த 622தான். பழைய சைக்கிள்களில் வரும் 27 அங்குலம் என்பது 630, பார்வைக்கு ஒன்று போலத்தான் தெரியும், மாற்றிப் போட முடியாது. இன்னொன்று, உங்கள் ரிம் உள்விளிம்பில் டயரைப் பிடிக்கும் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் வகை என்றால் இந்த ஒப்பீட்டில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. அதற்கு ரிம் தயாரிப்பாளர் அனுமதித்த ட்யூப்லெஸ் டயரைத்தான் போட வேண்டும், காற்றும் 5 பார், அதாவது 73 பிஎஸ்ஐ தாண்டக் கூடாது.

சரி, கம்பி டயர். வித்தோரியா ஸஃபீரோ, மிஷ்லின் டைனமிக் ஸ்போர்ட், ஷ்வால்பே லுகானோ எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள், இவற்றில் சிலவற்றுக்கு மடிக்கும் பதிப்பும் உண்டு. கம்பி டயர் என்றதும் எல்லோரும் முதலில் குறை சொல்வது எடையை. அது உண்மையில் சின்ன விஷயம். ஒரு ஜோடிக்கு 200 கிராம் கூடுதல் என்றே வைத்துக்கொள்வோம், ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால் அது கால் சதவீதம், ஒரு மணி நேரம் மலை ஏறினால் பத்து நொடிகூடப் பின்தங்க மாட்டீர்கள். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. கம்பிப் பதிப்புகளில் பெரும்பாலும் உள்ளே இருக்கும் துணியும் முரடு, மேலே இருக்கும் ரப்பரும் சாதாரணம். டயர் உருளும்போது தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது, முரட்டுத் துணியும் தடித்த ரப்பரும் அந்த நசுங்கலில் அதிக சக்தியைத் தின்றுவிடும். ஓடவே மாட்டேன் என்று சைக்கிள் அடம் பிடிக்கும் அந்த உணர்வு எடையால் வருவது இல்லை, இதனால் வருவது. தினமும் சில கிலோமீட்டர் வேலைக்குப் போய்வர, அல்லது வீட்டுக்குள் உருளையில் வைத்து மிதிக்கும் டிரெய்னருக்கு என்றால் தாராளமாக இதை வாங்குங்கள். டிரெய்னர் உருளை நல்ல டயரைச் சுரண்டித் தின்றுவிடும், அங்கே போய் காசைக் கொட்டுவது வீண். நீண்ட தூரம் ஓட்டுகிறவருக்கு மட்டும், அதுவும் முன்சக்கரத்துக்கு, நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இங்கே டிபிஐ பற்றி ஒரு வார்த்தை. ஓர் அங்குலத்துக்கு எத்தனை நூல் என்கிற கணக்கு இது, எண் கூடினால் துணி மெல்லிசு, டயர் இலகுவாக உருளும் என்பது பொது விதி. ஆனால் ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு வைத்துப் பார்க்காதீர்கள். கான்டினென்டல் தன் ஜிபி 5000 என்ற பந்தய டயருக்கு 330 என்று போடும்போது அது 110 நூல் கொண்ட மூன்று அடுக்குகளைக் கூட்டிச் சொல்கிறது. வித்தோரியா தன் பந்தய டயரான கோர்சாவுக்கு 320 என்று போட்டால் அது நிஜமாகவே அவ்வளவு மெல்லிய பருத்தித் துணி. பெட்டியில் பக்கம் பக்கமாக அச்சடித்திருப்பது ஒரே மாதிரி, கணக்கு வேறு.

அடுத்தது மடிக்கக்கூடிய பயிற்சி டயர். கம்பிக்குப் பதில் அராமிட் என்ற வலுவான செயற்கை நார் வைத்திருப்பதால் சுருட்டிச் சின்னப் பெட்டியில் அடைத்து விற்கிறார்கள். வித்தோரியா ரூபினோ ப்ரோ, கான்டினென்டல் அல்ட்ரா ஸ்போர்ட், கிராண்ட் ஸ்போர்ட் ரேஸ், மிஷ்லின் லிதியான் இதெல்லாம் இந்த வகை. முழு விலை பந்தய டயர் ஒன்றின் காசில் பெரும்பாலும் இவற்றில் இரண்டு வந்துவிடும். சும்மா சொல்லக் கூடாது, காசுக்கு மேலே வேலை செய்கிற வகை இதுதான், கம்பி டயரிலிருந்து இதற்கு மாறினால் தெரிகிற வித்தியாசம் இதிலிருந்து பந்தய டயருக்கு மாறினால் தெரிவதைவிடப் பெரிது என்பது என் அபிப்பிராயம். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த விலையில் எல்லா டயரிலும் ரப்பருக்கு அடியில் பஞ்சர் தடுக்கும் பட்டை இருக்காது. விளக்கத்தில் அந்தப் பட்டைக்கு ஏதாவது ஒரு பெயர் போட்டிருக்கிறார்களா பாருங்கள். பெயரே இல்லையென்றால் பட்டையும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கெட்டி டயருக்கு வருவோம், சண்டை வருவது இங்கேதான். கான்டினென்டல் கேட்டர்ஸ்கின், ஷ்வால்பே டுரானோ ப்ளஸ் இரண்டும் இதற்குப் பேர்போனவை. கேட்டர்ஸ்கினில் ரப்பருக்கு அடியில் நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் பட்டை, பக்கச்சுவரிலும் வலை போன்ற ஒரு துணி. டுரானோ ப்ளஸில் நெகிழும் ரப்பர் பட்டை ஒன்று தடிப்பாக உள்ளே படுத்திருக்கும். ஒரு தடவை மழையில், இருட்டில், ஓரமாக நின்று ட்யூப் மாற்றியவர்கள் அடுத்து வாங்குவது இந்த டயராகத்தான் இருக்கும், அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் விலையைக் கடையில் கொடுத்ததோடு முடிவதில்லை, ஒவ்வொரு மிதிக்கும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உருளையில் வைத்து அளந்து பார்க்கும் சோதனைகளில் கேட்டர்ஸ்கின் தின்னும் சக்தி ஜிபி 5000 தின்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. வித்தியாசம் வாட் கணக்கில் ஒரு டயருக்கு எட்டு, ஒன்பது என்று வரும். இரண்டிலும் அதையே போட்டால் பதினாறு, பதினெட்டு வாட். மணிக்கு 30 கிலோமீட்டரில் போக 160, 170 வாட் மிதிக்கிறவருக்கு அது பத்தில் ஒரு பங்கு, வேகத்தில் பார்த்தால் மணிக்கு ஒரு கிலோமீட்டர் குறைவு. தனியாக ஓட்டினால் தெரியாமலே போகலாம், தனக்குச் சமமான ஆட்களோடு கூட்டமாக ஓட்டும்போது நன்றாகவே தெரியும்.

அதைவிட எனக்கு உறுத்துவது ஈரத்தில் அதன் நடத்தை. நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்று செய்த கெட்டி ரப்பர் ஈரச் சாலையில் மென்மையான ரப்பரைப் போலப் பிடிக்காது. நனைந்த வெள்ளைக் கோட்டின் மேல், இரும்பு மூடியின் மேல் கேட்டர்ஸ்கின் வழுக்குகிறது என்று புலம்பாத ஆளைப் பார்ப்பது அரிது. பஞ்சருக்குப் பயந்து முன்னாலும் இதைப் போட்டுக்கொண்டு, மழையில் வளைவுக்கு வளைவு பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போவதில் என்ன லாபம்? முதலுக்கே மோசம். பின்னால் போடுங்கள், அங்கே இது ராஜா. பஞ்சரும் தேய்மானமும் அதிகம் இருக்கும் இடத்தில் அதைத் தாங்குவதற்கென்றே செய்த பொருள். வாட் நஷ்டமும் பாதியாகிவிடும்.

போன தலைமுறை பந்தய டயர் என்பது கொஞ்சம் பொறுமையைக் கேட்கும் வழி. 2018 கடைசியில் ஜிபி 5000 வந்தபோது அதற்கு முந்தைய ஜிபி 4000 எஸ் 2 கடைகளில் மிச்சம் இருந்தது. 2021இல் அதே ஜிபி 5000 வரிசையில் ட்யூப்லெஸ்ஸுக்கான எஸ் டிஆர் வந்தது. இப்படி ஒவ்வொரு முறையும் பெயருக்குப் பின்னால் ஒரு எழுத்தோ எண்ணோ கூடும்போது, நேற்றுவரை உச்சத்தில் இருந்த டயர் நடுத்தர டயரின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ரப்பர் ஒன்றும் ஒரே நாளில் மோசமாகிவிடவில்லை. வெயில் படாமல் பெட்டியில் இருந்த டயர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, கையில் வாங்கியதும் பக்கச்சுவரைக் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள், மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். குறை என்னவென்றால் பின்சக்கரத்தில் இது சீக்கிரம் கரையும், பக்கச்சுவரும் மெல்லிசு, கூரான கல் உரசினால் கிழிந்துவிடலாம். முன்சக்கரத்தில் போட்டால் இந்த இரண்டு குறையும் பெரிதாகத் தெரியாது, நல்ல விஷயமான பிடிப்பு மட்டும் முழுசாகக் கிடைக்கும்.

ஆகவே என் கணக்கு இப்படிப் போகிறது. கொஞ்சம் காசு இருந்தால் முன்னால் தள்ளுபடி பந்தய டயர், பின்னால் பட்டை உள்ள பயிற்சி டயர். பாதை முழுக்க கண்ணாடியும் முள்ளும் என்றால் பின்னால் மட்டும் கேட்டர்ஸ்கின் ரகம். இன்னும் கை இறுக்கம் என்றால் இரண்டிலும் ரூபினோ மாதிரி ஒன்று, அதுவும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டாம், இப்போதைக்கு ஒன்று போதும். பின் டயர் தேய்ந்ததும் முன்னால் இருப்பதைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, புதிதாக வாங்கியதை முன்னால் போடுங்கள். தேய்ந்ததை முன்னால் தள்ளுவது மட்டும் கூடாது, சிக்கனம் என்று நினைத்துப் பலர் செய்வது அதைத்தான். இரண்டு டயரும் வெவ்வேறு நிறத்தில், வெவ்வேறு எழுத்தோடு இருப்பதைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அகலத்தில் காசு செலவில்லாமல் கிடைக்கும் லாபம் ஒன்று இருக்கிறது. 23 மில்லிமீட்டர் போட்டிருந்தவர் 25க்கும், இடம் இருந்தால் 28க்கும் போகலாம், விலை பெரும்பாலும் அதேதான். பிரேக்குக்கும் ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்ச வேண்டும், பழைய ரிம் பிரேக் சைக்கிள்களில் 28 இடிக்கலாம். ரிம் உள்ளே அகலமாக இருந்தால் 25 என்று எழுதிய டயர் காற்றடித்ததும் 27க்குப் போய் நிற்கும், அதையும் கணக்கில் வையுங்கள். அகலம் கூடினால் காற்றைக் குறைக்க வேண்டும், 70 கிலோ ஆளுக்கு 25இல் 80, 85 பிஎஸ்ஐ, 28இல் 70 பக்கம் போதுமானது. கல் மாதிரி 120 அடித்தால்தான் வேகம் என்பது பழைய நம்பிக்கை, கரடுமுரடான சாலையில் அது ஆளைக் குலுக்கி வேகத்தைக் குறைக்கவே செய்யும். பூ வேலைப்பாடு போட்ட டயரைத் தேடவும் வேண்டாம். சைக்கிள் டயர் தரையைத் தொடும் இடம் குறுகியது, அழுத்தமும் அதிகம், நாம் போகும் வேகத்தில் தண்ணீர் மேல் மிதக்கும் பேச்சே இல்லை. வழவழப்பான டயர் போதும்.

ட்யூப்லெஸ் பற்றிக் கேட்பீர்கள். ரிம் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும், டேப், வால்வு, உள்ளே ஊற்றும் திரவம், அதை அவ்வப்போது நிரப்புவது என்று செலவு வால் பிடித்து வரும். இந்தத் தொகைக்குள் அதை நான் சேர்க்க மாட்டேன். லேடக்ஸ் ட்யூப் ஒரு டயருக்கு இரண்டு மூன்று வாட் மிச்சப்படுத்தும், ஆனால் தினமும் காற்றடிக்கும் பொறுமை இருந்தால் மட்டும்.

அப்புறம், பழைய டயர் உண்மையிலேயே முடிந்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பின்னால் நின்று குனிந்து பார்த்தால் வளைவாக இருக்க வேண்டிய முதுகு தட்டையாகி இரண்டு பக்கமும் விளிம்பு கட்டியிருக்கும், உள்ளே இருக்கும் துணி நூல் எங்காவது வெளியே தெரியும், கான்டினென்டல் மாதிரி சிலவற்றில் அடையாளத்துக்கு வைத்த சின்னக் குழிகள் மறைந்திருக்கும். இதெல்லாம் இருந்தால் மாற்றுங்கள். வெறும் பஞ்சர் தொடர்ந்து வருகிறது என்பதற்காக மட்டும் என்றால், டயரைக் கழற்றி உள்பக்கம் ஒரு பஞ்சுத் துண்டை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணுக்கே தெரியாத கம்பி நுனி பஞ்சை இழுத்துப் பிடிக்கும். அதைக் குறடால் பிடுங்கிவிட்டு, டயரில் எழுதியிருக்கும் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டிக்கொண்டால், அடுத்த பஞ்சரில் ட்யூபில் ஓட்டை இருக்கும் இடத்தை வைத்து டயரில் எங்கே தேட வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும்.