தி ஆக்ஸ்ஃபோர்ட் மர்டர்ஸ்: அடுத்த குறி என்ன?

அர்ஜென்டினாவின் கில்லெர்மோ மார்ட்டினெஸ் கணிதத் தர்க்கத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2003இல் வந்த அவரது ஸ்பானிஷ் நாவலை இயக்குநர் அலெக்ஸ் தெ லா இக்லேசியா 2008இல் ஆங்கிலத்தில் படமாக்கினார். பேராசிரியர் செல்டமிடம் (ஜான் ஹர்ட்) ஆய்வு செய்யும் ஆசையில் ஆக்ஸ்ஃபோர்ட் வருகிறான் மார்ட்டின் (எலைஜா வுட்). அவன் தங்கிய வீட்டுக்கார மூதாட்டி கொல்லப்படுகிறார். செல்டமுக்கு வந்த சீட்டில் ஒரு வட்டம். அடுத்தடுத்த சாவுகளுக்கு அடுத்தடுத்த குறிகள்.

இந்த வரிசையில் அடுத்தது என்ன என்று எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அதில் எங்கே சறுக்கும் என்று தெரிய ஒரு தாளும் பேனாவும் போதும். வட்டத்தின் விளிம்பில் புள்ளிகள் வைத்து, ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் கோட்டால் இணைத்து, வட்டம் எத்தனை பகுதிகளாகப் பிரிகிறது என்று எண்ணுங்கள். ஒரு புள்ளிக்கு 1 பகுதி, இரண்டுக்கு 2, பிறகு 4, 8, 16. ஆறாவது புள்ளிக்குக் கை தானாக 32 என்று எழுதும். எண்ணிப் பார்த்தால் 31தான். (புள்ளிகளைச் சம இடைவெளியில் வைத்தால் மூன்று கோடுகள் நடுவில் ஒரே இடத்தில் வெட்டி, ஒரு பகுதி காணாமல் போய் 30 ஆகிவிடும்.) முதல் சில உறுப்புகள் எந்த விதிக்கும் உத்தரவாதமில்லை. கதையின் முடிச்சு முழுக்க இதில்தான் இருக்கிறது. அதனால் முடிவு நியாயமானது, ரசிகனை ஏமாற்றவில்லை.

சொதப்பல் வசனத்தில். தத்துவவாதி விட்கென்ஸ்டைனை முதல் உலகப்போரின் பீரங்கிச் சத்தத்துக்கு நடுவே எழுதவிட்டு, அதிலிருந்து "முழு உண்மை என்று எதுவும் இல்லை" என்ற முடிவுக்குச் செல்டம் தாவுகிறார். கைதட்டலுக்கான தாவல் அது. நாவல் நிதானமாகத் தர்க்கவியலாளர் கோடலிடம் போகிறது. 1931இல் அவர் காட்டியது, எண்கணிதம் அடங்கிய முரணற்ற முறையான அமைப்பில், மெய்யாக இருந்தும் அதற்குள் நிரூபிக்க முடியாத கூற்றுகள் உண்டு என்பது. உண்மையே இல்லை என்று அவர் சொல்லவில்லை. குற்றவாளிக்கு உண்மை தெரியும், நீதிமன்றத்திடம் சான்று போதாது: துப்பறியும் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தேற்றம் கிடைக்குமா?

நூற்றாண்டுகளாக நிரூபிக்கப்படாமல் இருந்து 1993இல் பரபரப்பான ஃபெர்மாவின் கடைசித் தேற்றம் படத்தில் 'போர்மட்' ஆகியிருக்கிறது. ஏனோ! அர்ஜென்டினா மாணவன் அமெரிக்கன் ஆனதில் பெரிய நஷ்டமில்லை. லியோனோர் வாட்லிங் வரும் காதல் பகுதி, அந்த ஸ்பகெட்டிக் காட்சி உட்பட, வெறும் இடைச்செருகல்.

முதல் கொலை தெரியவருவதற்கு முன் வரும் நீண்ட ஷாட்டைத் தவறவிடாதீர்கள். கேமரா ஒருவரை விட்டு இன்னொருவரைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய், கடைசியில் மூதாட்டியின் உடலில் நிற்கிறது. ஜான் ஹர்ட் பேசும் இடங்களுக்கு சப்டைட்டில் அவசியம். ஒரு வரி நழுவினால் பின்னால் வரும் இரண்டு காட்சிகள் புரியாது. இரண்டும் கைவசம் இருந்தால் நாவலை முதலில் படியுங்கள்.