கோரென் சாக்ஸ் சித்தூர்: ஆறு வருஷமா தினமும் கையில இருக்குற புக்

ஹீப்ரூ கத்துக்க ஆரம்பிச்சப்ப வாங்கினது, ஆறு வருஷம் ஆச்சு, காலைல ஒரு பக்கமாவது வாசிச்சுட்டுதான் மத்த வேலை. சித்தூர்னா யூதர்களோட பிரார்த்தனை புத்தகம். இது ஜெருசலேம்ல இருக்குற கோரென் பதிப்பகம் 2009ல போட்டது. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, முன்னுரை, உரை மூணும் ரப்பி (யூத மதகுரு) ஜோனதன் சாக்ஸ், 1991லேர்ந்து 2013 வரைக்கும் பிரிட்டன்ல தலைமை ரப்பியா இருந்தவர்.

முதல் நாள் குழம்பிப் போயிட்டேன், ஏன்னா இதுல ஹீப்ரூ இடது பக்கம், இங்கிலீஷ் வலது பக்கம். அப்புறம்தான் புரிஞ்சுது, ஹீப்ரூ வலமிருந்து இடமா ஓடும், இங்கிலீஷ் இடமிருந்து வலமா ஓடும், அதனால ரெண்டு வரியும் நடுத் தையல்கிட்டயே ஆரம்பிக்குது, வார்த்தைலேர்ந்து அர்த்தத்துக்கு கண்ணு ஒரு விரக்கடை நகர்ந்தா போதும். வரியும் பத்தி பத்தியா அடைக்காம அர்த்தம் முடியற இடத்துல மடிச்சிருக்காங்க, பாட்டைச் சீர் பிரிச்சுப் போட்ட மாதிரி. பதிப்பகத்தை ஆரம்பிச்ச எலியாஹு கோரென் எழுத்துருவையே தானே வடிவமைச்சவர், அந்த அக்கறை பக்கத்துக்குப் பக்கம் தெரியுது.

ஆனா என்னைப் பிடிச்சு நிறுத்தினது ஷெமா பக்கம்தான். ஷெமான்னா ஹீப்ரூல 'கேள்', அந்த வார்த்தைல ஆரம்பிக்கற பிரார்த்தனை, பைபிள்ல உபாகமம் 6:4, காலைலயும் ராத்திரியும் சொல்றது. 1890ல வந்த சிங்கர் பிரேயர் புக்ல (பிரிட்டன் யூதர்களோட பழைய ஹீப்ரூ-இங்கிலீஷ் சித்தூர்) இது 'ஹியர், ஓ இஸ்ரேல்'. சாக்ஸ் அதை 'லிசன், இஸ்ரேல்'னு மாத்திட்டார். ஒரே ஒரு வார்த்தைதானேன்னு தோணும். தோராவுல, அதாவது யூத வேதத்தோட முதல் அஞ்சு புத்தகத்துல, 613 கட்டளை இருக்கு, ஆனா 'கீழ்ப்படி'ங்கறதுக்குன்னு தனி வார்த்தை இல்ல, ஷெமாதான் அந்த வேலையையும் செய்யுது, காதுல விழறது, கவனிக்கறது, புரிஞ்சுக்கறது, அதன்படி நடக்கறது எல்லாமே அதுக்குள்ள இருக்குன்னு அவர் விளக்குவார். படிச்சதும் சிலிர்த்துடுச்சு, நமக்கு இது புதுசே இல்லையே! 'சொன்னா கேளு', 'பெரியவங்க பேச்சைக் கேளு'ன்னு அம்மா சொன்னப்ப வெறும் காதையா சொன்னாங்க? தமிழ் பைபிள்ல 'இஸ்ரவேலே, கேள்'னு இருக்கறது எவ்வளவு பொருத்தம்னு அன்னிக்குதான் உறைச்சுது. இங்கிலீஷ்ல அவர் அவ்வளவு மல்லுக்கட்டின இடம் நமக்கு ஒத்தை வார்த்தைல கிடைச்சிருக்கு.

இதுல வர்ற இன்னொரு முக்கியமான பிரார்த்தனை அமிதா இன்னும் எனக்குத் தடுமாற்றம்தான், 'பதினெட்டு'ன்னு பேரு, எண்ணினா 19 ஆசி வருது, நின்னுகிட்டே சொல்லணும்.

எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்சாலே தாராளமா வாங்கலாம். முன்னுரையை அப்புறம் பாத்துக்கலாம், ஷெமா பக்கத்தை முதல்ல திறங்க.