ஓசூரில் வாடகைக்கு இருப்பவர்கள் கவனத்துக்கு: ஓனர் கையில் இருக்கும் இன்னொரு சாவி

ஓசூரில், அதுவும் பாகலூர் ரோடு, மத்திகிரி, சிப்காட் பக்கம் வாடகை வீட்டில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு, பிள்ளை பள்ளி விட்டு வந்து தானே கதவைத் திறக்கிற வீடு என்றால் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் ஓனர் அனுப்பிய வேலையாட்கள் உங்கள் வீட்டைத் திறந்து உள்ளே போய் வந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அது நடந்தது. ஒரு முறை மட்டும் அல்ல.

ஓனர் பெயரையும் காண்ட்ராக்டர் பெயரையும் எழுதவில்லை. இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம், அட்வான்ஸ் பணம் அவரிடம்தான் இருக்கிறது. பெயரைவிட என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

நாங்கள் பாலக்கோட்டுப் பக்கம். கணவருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை, நான் ஒரு தனியார் பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். மகள் ஒன்பதாம் வகுப்பு. மாடி போர்ஷனில் நாங்கள், கீழே இன்னொரு வாடகைக் குடும்பம். ஓனர் வீடு இரண்டு தெரு தள்ளி. எங்கள் குளியலறைத் தரையில் எங்கோ கசிந்து, கீழ் வீட்டுக் கூரையில் ஓதம் இறங்கிவிட்டது. சரிசெய்ய வேண்டிய வேலைதான், அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. “எப்ப வேணும்னாலும் ஆள் அனுப்புங்கண்ணா, முந்தின நாள் மட்டும் சொல்லிடுங்க, எங்கள்ல ஒருத்தர் வீட்டில் இருக்கோம்” என்று ஓனரிடம் நேரிலேயே சொன்னோம். “சரிம்மா” என்றார்.

அதன்பிறகு வீட்டில் சின்னச் சின்ன மாற்றங்கள் தெரிய ஆரம்பித்தன. குளியலறை வாசலில் சிமென்ட் தூள். சமையலறையில் பீடி வாடை. ஹாலில் இருந்த ஸ்டூல் வேறு இடத்தில். கணவருக்கு மாற்று ஷிப்ட் என்பதால், அவர் நகர்த்தியிருப்பார் என்று நானும், நான் நகர்த்தியிருப்பேன் என்று அவரும் நினைத்திருக்கிறோம். ஓனரம்மாவிடம் கேட்டதற்கு, எதிர் மனையில் கட்டட வேலை நடக்கிறது, அந்தத் தூசிதான் என்றார்.

அரையாண்டுத் தேர்வு நாள். மகள் மதியமே வீடு திரும்பியிருக்கிறாள். படியேறிப் போனால் கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே ஆண் குரல்கள். பிள்ளை உள்ளே போகவில்லை, பாதிப் படியில் நின்றபடி எனக்கு போன் செய்தாள். “அம்மா, நம்ம வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க.” அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. கீழ் வீட்டு அக்காவுக்கு போன் போட்டு, பிள்ளையை உள்ளே கூப்பிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தால், ஒருவர் எங்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு செல்போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறார். இன்னொருவர் குளியலறை டைல்ஸை உடைத்துக்கொண்டிருக்கிறார். சூப்பர்வைசர் போலிருந்தவர் செல்போனில் வீடியோ எடுத்தபடி நிற்கிறார். குழாய் போகிற சுவரைப் பார்ப்பதற்காக எங்கள் துணி அலமாரியை நகர்த்தி, அதில் இருந்த துணிகளை அள்ளிப் படுக்கையில் போட்டிருந்தார்கள். குளியலறைக் கொடியில் காயப்போட்டிருந்த என்னுடைய, என் மகளுடைய உள்ளாடைகளை யாரோ எடுத்து ஒரு பக்கெட்டில் திணித்து வைத்திருந்தார்கள். இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ‘ஓனர் ஆள் வந்து போனால் என்ன’ என்று கேட்பவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

“ஓனர்தான் சாவி குடுத்தாரும்மா. முன்னாடியும் வந்து பார்த்துட்டுப் போயிருக்கோம்” என்றார் அந்த சூப்பர்வைசர், ஒளிவுமறைவே இல்லாமல். வேலை செய்த பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாவியைக் கையில் கொடுத்து, வீட்டில் ஆள் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பினால் அவர்கள் என்ன செய்வார்கள்? எங்களுக்குத் தெரியாது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஓனருக்கு அங்கேயே நின்று போன் செய்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏம்மா, என் வீட்டுக்கு நான் ஆள் அனுப்ப உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா? ஏதாவது காணாமப் போச்சா, சொல்லுங்க.” காணாமல் எதுவும் போகவில்லை. அதனால் பிரச்சினையே இல்லை என்பது அவர் கணக்கு. இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் நம்மில் பலரை வாயடைக்க வைக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. சில நாள் கழித்துக் கீழ் வீட்டு அக்கா ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அந்தக் காண்ட்ராக்டர் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்று எங்கள் வீட்டு வீடியோவைப் போட்டிருக்கிறார். குளியலறை மட்டும் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். வாசலில் இருந்து ஹால் வழியாக நடந்துகொண்டே எடுத்திருக்கிறார். சாமி படம், பீரோ, படுக்கையில் கிடந்த துணி, சுவரில் மகள் ஒட்டி வைத்திருந்த டைம்டேபிள் எல்லாம் அதில் இருக்கின்றன. டைம்டேபிளில் அவள் பெயர், வகுப்பு, பிரிவு, பள்ளிப் பெயர். அந்த ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள், யார் யார் சேமித்து வைத்தார்கள் என்று எங்களால் தெரிந்துகொள்ளவே முடியாது. வயதுப் பெண் ஒருத்தி மதியம் தனியாக இருக்கிற வீடு எது, அவள் எந்தப் பள்ளி என்பதை ஊருக்குச் சொன்ன மாதிரிதான்.

வேலையாவது உருப்படியாகச் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. மழை வந்ததும் கீழ் வீட்டில் மறுபடி ஓதம். அதற்கு மேல், அந்தச் செலவை எங்கள் அட்வான்ஸில் கழித்துக்கொள்ளப் போவதாக ஓனர் சொல்கிறார்.

இதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன், தெரிந்த வக்கீல் ஒருவரிடமும் கேட்டேன். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்த 2017-ல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலில் இருக்கிறது. ரிப்பேர் வேலைக்கோ வீட்டின் நிலையைப் பார்க்கவோ ஓனர் உள்ளே வர வேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. எதற்காக, எந்த நாள், எந்த நேரம் என்பதும் அதில் இருக்க வேண்டும். போகிற போக்கில் வாயால் சொல்வது போதாது. ஓனருக்கே இந்தக் கட்டுப்பாடு என்றால் அவர் அனுப்புகிற கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் அதைவிட அதிக உரிமை எங்கிருந்து வரும்? குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டுகிற நேரத்தில் நோட்டீஸ் கேட்டு யாரும் நிற்கப் போவதில்லை. எங்கள் வீட்டு ஓதம் அந்த மாதிரி அவசரம் இல்லை, மாதக்கணக்காக இருந்தது.

செலவு விஷயமும் அதே சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளை அடிப்பது, குழாய் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், சாக்கடை அடைப்பு போன்றவை நம் பொறுப்பு. வேறு மாதிரி ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டிருந்தால் தவிர, இதுதான் நிலை. தரைக்குள் போகும் குழாய் கசிந்ததற்கு எங்கள் அட்வான்ஸில் கை வைக்க அவருக்கு வழியே இல்லை. அந்த அட்வான்ஸே எங்களிடம் பெங்களூர் கணக்கில் பத்து மாத வாடகையாக வாங்கியது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால், சட்டம் சொல்லும் அளவு மூன்று மாத வாடகை.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் அது முக்கியமாக அரசாங்கத்துக்கு எதிராக நமக்கு இருக்கும் உரிமை. ஓனரிடம் பேசும்போது கையில் எடுக்க வேண்டியது வாடகைச் சட்டத்தைத்தான் என்று வக்கீல் சொன்னார்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனோம். “ஓனரும் நீங்களும் பேசித் தீர்த்துக்கோங்க, இது சிவில் மேட்டர்” என்றார்கள். முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவுப்படி வீட்டுக்குள் அத்துமீறி நுழைவது குற்றம், ஓராண்டு வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. வாடகைக்குக் கொடுத்த பிறகு வீடு நம் அனுபவத்தில் இருப்பதால், ஓனர் என்பதாலேயே அவர் அந்தப் பிரிவுக்கு வெளியே போய்விட மாட்டார். ஆனால் குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ என்கிற நோக்கத்தைக் காட்ட வேண்டும். ரிப்பேருக்கு வந்தோம் என்று சொன்னால் அங்கே நழுவிவிடுவார்கள். வராதீர்கள் என்று எழுத்தில் சொன்ன பிறகும் வந்தால் நம் புகாருக்கு வலு கூடும். அதனால் புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) வாங்காமல் திரும்பாதீர்கள். வீடியோ விஷயத்தைத் தனியாக எழுதிக் கொடுத்தபோது மட்டும் ஸ்டேஷனில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, எங்கள் கண் முன்னால் போனில் இருந்து அழிக்க வைத்தார்கள். அழிப்பதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எங்களிடம் பத்திரமாக இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் எங்கள் பேச்சை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஓனருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை வருகிற மாதிரி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினோம், அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டோம். அது போய்ச் சேர்ந்த பிறகு யாரும் சொல்லாமல் வரவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்யுங்கள் என்கிறார். செய்துவிடுவோம், வீடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அட்வான்ஸைக் கழித்தால் வாடகை அதிகாரியிடம் போவோம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒரு வருவாய்த் துறை அதிகாரியைக் கலெக்டர் இதற்கென்று நியமிக்க வேண்டும் என்பது சட்டம். 11 மாத ஒப்பந்தமாக இருந்தாலும் எழுத்தில் போட்டு அவரிடம் பதிவு செய்ய வேண்டும், அரசின் இணையதளத்திலேயே செய்யலாம், பதிவு எண் தருவார்கள். ஓனர்கள் வருமான வரிக்குப் பயந்து இதைத் தட்டிக்கழிக்கிறார்கள். எங்கள் ஓனரும் அப்படித்தான், முத்திரைத் தாளில் எழுதினால் போதும் என்று முடித்துவிட்டார். புது வீட்டில் பதிவு எண் கையில் வராமல் நாங்கள் குடிபோகப் போவதில்லை.

புது வீடு பார்க்கிறவர்கள் சாவி விஷயத்தை முதல் நாளே பேசிவிடுங்கள். மொத்தம் எத்தனை சாவி, இன்னொன்று யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். கொண்டியில் உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். அதற்கு ஓனர் முகம் சுளித்தால் அந்த வீட்டைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள். வேலை நடக்கும் நாளில் பெரியவர் ஒருவர் வீட்டில் இருங்கள், எந்த அறையில் வேலையோ அதைத் தவிர மற்றதைப் பூட்டிவிடுங்கள், போனில் படம் எடுப்பதாக இருந்தால் குழாயை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பள்ளி விவரம் எழுதிய எதையும் ஹால் சுவரில் ஒட்டாதீர்கள். தனியாக வரும் பிள்ளைக்கு, கதவு திறந்திருந்தால் உள்ளே போகாமல் பக்கத்து வீட்டுக்குப் போ என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். என் மகள் தானாகவே அப்படி நின்றாள். எல்லாப் பிள்ளையும் நிற்கும் என்று சொல்ல முடியாது.

நாங்கள் அனுப்பிய கடிதத்தை வக்கீல் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். வேண்டியவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

“நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டுக்குள், எங்களுக்குத் தெரிவிக்காமல், நாங்கள் இல்லாத நேரத்தில் தங்கள் வேலையாட்கள் தங்களிடம் உள்ள சாவியைக் கொண்டு நுழைந்துள்ளனர். 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, ரிப்பேர் வேலைக்கு வருவதாக இருந்தால் காரணம், நாள், நேரம் குறிப்பிட்டு 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறோம். அவ்வாறு தெரிவித்தால் வேலைக்கு முழு ஒத்துழைப்பு தருவோம். தெரிவிக்காமல் தாங்களோ தங்கள் ஆட்களோ உள்ளே வர எங்களுக்குச் சம்மதம் இல்லை. வீட்டின் உட்புறத்தையும் எங்கள் பொருட்களையும் படமோ வீடியோவோ எடுக்கவும் சம்மதம் இல்லை.”

கீழே தேதி, வீட்டு முகவரி, ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவரின் கையெழுத்து. அனுப்பும் முன் ஒரு நகலும், தபால் ரசீதும், ஒப்புகையும் உங்களிடம் இருக்கட்டும்.